சத்தம் அணைத்த கீபோர்டு

என் வீட்டுக்காரருக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது ஒரு கை தட்டில் இருந்தால் இன்னொரு கை மேசை விளிம்பில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும். பேருந்தில் முன் இருக்கையின் முதுகில் வாசிப்பார். அதில் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார். கல்யாணமான புதிதில் என் தோளில் அவர் விரல்கள் ஓடியபோது ஆசையாக்கும் என்று நினைத்து நான் கூச்சப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் அன்று சாயங்காலம் வாசிக்க வேண்டிய பாட்டை என் தோளில் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கீபோர்டு வாசிப்பது அவர் வேலை. கூடவே டிரம்ஸ் அடிக்க ஒரு தம்பி, பாட ஒரு பெண். குழுவில் எல்லோரும் அவரைக் ‘காது’ என்றுதான் சொல்வார்கள். எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த நிமிடம் அது விரலில் இருக்கும். யாரிடமும் பாடம் படித்ததில்லை. காகிதத்தில் இசையை எழுதி வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வேலைக்கு அவர் வந்ததே ஒரு கூத்து. அதே ஓட்டலில் லிஃப்ட் இயக்குகிற ஆளாகச் சேர்ந்தவர். கீழ்த்தளத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் கூடத்தில் யாரோ வாசிப்பது கேட்கும், கதவு மூடினால் நின்றுவிடும். இப்படித் துண்டு துண்டாகக் கேட்டதை மேலே போகும்போதும் கீழே வரும்போதும் மனதுக்குள் ஒட்டவைத்துக்கொண்டு, கூடம் காலியாக இருக்கிற நேரத்தில் போய் விரலால் தேடிப் பார்ப்பார். பழைய வாசிப்பாளர் வேறு வேலை கிடைத்துப் போனதும், லிஃப்ட் சீருடையோடு போய் உட்கார்ந்து வாசித்துவிட்டார். மேலாளர் லிஃப்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். சில பாட்டுகளில் இவர் காரணமே இல்லாமல் ஒரு கணம் நிறுத்துவார். அது லிஃப்ட் கதவு மூடின இடம் என்று டிரம்ஸ் தம்பி இன்றைக்கும் கிண்டல் செய்வான்.

நான் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது. இசையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஏதாவது முணுமுணுத்தால் பக்கத்து அறையிலிருந்து குரல் வரும்: “ஏன்டி அந்தச் சுரத்தை இப்படிக் கொலை பண்றே? அது உன்னை என்ன பண்ணுச்சு?” இப்படியே கேட்டுக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். சொந்த வீட்டில் ஒரு பாட்டு முனகக்கூடச் சுதந்திரம் இல்லாதவள் நான். அந்தக் கோபம் எனக்கு உண்டு, மறைக்கமாட்டேன்.

காகிதம் பார்த்து வாசிக்கிறவர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு இளக்காரம். “சாப்பாட்டு விலைப்பட்டியலைப் படிச்சுட்டு வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்ற ஆளுங்க” என்பார். சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் வருகிற ஒவ்வொரு ஒலிக்கும் அவராகவே ஒரு பெயர் வைத்திருந்தார். ஒன்று ‘சிரிப்பு’, ஒன்று ‘முறைப்பு’. பாட்டு வந்து முடிகிற இடம் ‘வீடு’, அதற்கு முந்தின இடம் ‘வாசல்’. “அண்ணே, நாம இப்ப வாசல்ல நிக்கிறோமா, வீட்டுக்குள்ள போயிட்டோமா?” என்று டிரம்ஸ் தம்பி மேடையிலேயே கேட்பான். இந்த இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் யாரோ வாடகை வீடு பார்க்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இப்படிப்பட்ட மனிதர் திடீரென்று எல்லோர் மேலும் எரிந்து விழ ஆரம்பித்தார். கீபோர்டு கெட்டுவிட்டது என்று ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போனார். அவர் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவரோடு சண்டை. பாடுகிற பெண் சுருதி சேராமல் பாடுகிறாள் என்று அவளோடு சண்டை. வீட்டில் நான் டீவியைச் சத்தமில்லாமல் வைக்கிறேன் என்று என்னோடு சண்டை. டீவி தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் டிரம்ஸ் தம்பி அவரை நேரத்தோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“என்னப்பா ஆச்சு?” என்று நான் தம்பியைக் கேட்டேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, கீபோர்டுல மொத்தச் சுருதியையும் ஏத்தி இறக்கற பட்டன் ஒண்ணு இருக்கும். அண்ணன் பாட்டு நடுவுல அதை அமுக்கி அரைச் சுரம் ஏத்திட்டாரு. கீபோர்டு இறங்கிக் கிடக்கு, நான் சரி பண்றேன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணு பாவம், தொண்டை உடைஞ்சு நின்னுருச்சு. சாப்பிட்டுட்டு இருந்தவங்க அத்தனை பேரும் ஸ்பூனைக் கீழ வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறாங்க.”

“அவருக்கு அது தெரியலையா?”

“அதான் அண்ணி எனக்குப் பயமா இருக்கு. ரொம்ப நல்லா இருக்குன்னு தலையை ஆட்டிட்டு வாசிச்சாரு.”

கேட்டதை வைத்து மட்டுமே வாழ்ந்த மனிதர். கேட்டதுதான் அவருக்குச் சட்டம். ஊரே தப்பு, தன் காது மட்டும் சரி என்று ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் பட்டனை அழுத்தியிருக்கிறார். பேப்பர் பார்த்து வாசிக்கிற எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

மேலாளர் கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் கெஞ்சி, திட்டி, கடைசியில் சாப்பாடு போடமாட்டேன் என்று மிரட்டிக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து என்னென்னமோ சத்தம் கொடுத்துப் பார்த்தார். வெளியே வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு காதும் இறங்கிக்கொண்டே போகிறது. போதாத குறைக்கு, ஒரே சுரத்தை ஒரு காது ஒரு உயரத்திலும் இன்னொரு காது வேறு உயரத்திலும் கேட்கிறது. காதில் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு புரியும், இசை சரிப்படாது. போனது திரும்பாது. இன்னும் எவ்வளவு வேகமாகப் போகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

“வாசிக்க முடியுமா?” என்று இவர் கேட்டார். வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

“விரல்ல ஒரு கோளாறும் இல்லையே” என்றார் டாக்டர். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைப்பு.

அதன்பிறகு வீட்டில் நிம்மதி என்பதே கிடையாது. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பார். மாடிக்குப் போவார், இறங்குவார். ஒரு நாள் டிரம்ஸ் தம்பி வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நோட்டேஷன் படிக்கிறவங்களுக்கு விரல் எங்க போகணும்னு பேப்பரே சொல்லிடும். காது கம்மியானாலும் பேப்பர் அப்படியேதானே இருக்கும்?”

நான் பூகம்பத்தை எதிர்பார்த்தேன். அவர், “எத்தனை நாளாகும் அது படிக்க?” என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. காது அடைபடுவதற்குள் காகிதத்தைப் பிடித்துவிட வேண்டும். பிந்திவிட்டால் இசை என்பது இந்த மனிதருக்கு முடிந்துபோன கதை. இசை இல்லாத இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று எனக்குள்ளும் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேல் மாடியில் ஒரு இளம்பெண் சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டேஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்நேரமும் காதில் பென்சில் சொருகியிருப்பாள், எடுத்தால் மேசையில் தட்டுவாள். இவர் வீட்டில் அவளைப் ‘பென்சில் டீச்சர்’ என்பார். முதல் நாள் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்துவிட்டு வந்தார். தலைக்கு மை அடித்துக்கொண்டு போன மனிதரிடம் ஒரு வாண்டு, “தாத்தா, உங்க பேப்பர் தலைகீழா இருக்கு” என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். டாக்டரைப் பார்த்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, பாடம் மளமளவென்று நகர்ந்தது. டீச்சர் போடுகிற ஒவ்வொரு பயிற்சியையும் மறு நிமிடமே வாசித்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் மூன்று வாரம் தடவுவதை இவர் ஒரே வகுப்பில் முடித்தாராம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டேன். “எங்க வீட்டுக்காரர் இந்த வயசுலயும் என்னமாப் படிக்கிறார் தெரியுமா?” என்று ஊசியில் நூல் கோத்தபடி பேசிக்கொண்டே இருப்பேன்.

ஒரு நாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். வகுப்பு முடியவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் ஒரு புதுப் பாட்டை, “இது இப்படி வரணும், கவனிங்க” என்று ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். இவர் காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு காகிதத்தைக் கண்கொட்டாமல் பார்த்தபடி வாசித்தார். அங்கங்கே அரைச் சுரம் தடுமாறினாலும் பாட்டு பாட்டாகவே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். “டீச்சர், தாத்தா பேப்பர்ல வேற பாட்டு இருக்கு.”

மின்விசிறிக் காற்றில் காகிதம் புரண்டுவிட்டிருந்தது. அவர் முன்னால் இருந்தது போன வாரப் பாடம். அந்தப் பழைய பாடத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே இவர் புதுப் பாட்டை முடித்திருக்கிறார், ஒரு இடத்தில்கூடக் கண் தயங்கவில்லை. டீச்சர் எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பென்சிலால் ஒரு வரியைத் தொட்டு, “சார், இந்தச் சுரம் என்னது?” என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது?”

அவர் தன் விரல்களைப் பார்த்தார். என் மானம் கப்பலேறியது.

“இத்தனை நாளா நீங்க ஒரு வரிகூடப் படிக்கலை. நான் வாசிக்கிறதைக் கேட்டு அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க. இருக்கற கொஞ்சக் காதை வெச்சுக்கிட்டு என் காதுல பூ சுத்தியிருக்கீங்க!”

“ஏமாத்தணும்னு பண்ணலை, டீச்சர். கேட்டதும் விரல் போயிடுது. நான் பேப்பரைப் பாக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடுது” என்றார் இவர். சொன்னது பொய் இல்லை. என் மாமியாரிடம் பால் சிந்தியதற்குச் சாக்குச் சொல்கிற பிள்ளை முகம் அவருக்கு.

டீச்சர் கீபோர்டின் சத்தத்தைத் திருகி ஒரேயடியாக அணைத்தாள். “உங்க காது உங்களைப் படிக்க விடாது, சார். இனிமே நான் வாசிச்சுக் காட்டமாட்டேன். சத்தமும் கிடையாது. பேப்பர், விரல், அவ்வளவுதான்.”

அவர் ஒரு கட்டையை அழுத்தினார். டக் என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்தது. இன்னொன்றை அழுத்தினார். பிள்ளைகளில் யாரோ கிளுக் என்று சிரித்தார்கள். எழுந்தவர் என்னைக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

தெருவில் ஓட்டமும் நடையுமாக அவரைப் பிடித்தேன். “நில்லுங்க! ஒரு தடவையாவது நின்னு பேசுங்க!”

“என்னத்தைப் பேசறது? கல்லை அமுக்கற மாதிரி இருக்கு. அது ஊமைப் பேப்பர், ஊமைக் கீபோர்டு. இன்னும் மிச்சமிருக்கிறதை நான் கேட்கிறேனே, அதையும் ஏன் அணைக்கச் சொல்றா?”

“காது போன பிறகு என்ன பண்ணுவீங்க?” என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவர் நின்றார். வீடு வரைக்கும் இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரத்தில் நடந்தோம்.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினார். காலையில் எழுந்ததும் பழைய பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துத் தள்ளுவார், யாரோ பிடுங்கிக்கொண்டு போகப் போகிற பொருளைக் கடைசியாகத் தொட்டுப் பார்க்கிற அவசரம் அதில் இருந்தது. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டம்மா சுவரைத் தட்டினாள், அவருக்குக் கேட்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவார், வாளி நிரம்பி வழிவது தெரியாது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்படக்கூட மனம் வரவில்லை.

ஒரு காலையில், தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். திரும்ப வாசித்தார். திரும்ப நிறுத்தினார். நான் ஈரக் கையோடு வந்து நின்றேன்.

“இப்ப நான் வாசிச்சது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“எப்பவும் போலத்தான். நல்லாத்தான் இருந்துச்சு.”

“எனக்கு அது வேற ஏதோவாக் கேக்குது. கட்டைக்குள்ள யாரோ பாத்திரம் உருட்டற மாதிரி. விரல் சரியாப் போகுதுன்னு தெரியுது. ஆனா வர்றது நான் வாசிக்கிறது இல்லை.” பிறகு அவரே கை நீட்டிச் சத்தத்தை அணைத்தார். “வா, டீச்சரைப் பார்த்துட்டு வரலாம். நீயும் வா. அவ சொல்றது எனக்கு முழுசாக் காதுல விழாது.”

டீச்சரிடம் நான்தான் பேசினேன். அவள் அவருக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினாள். “சார், எனக்குக் கேட்டு வாசிக்கவே வராது. பேப்பர் இல்லைன்னா எனக்குக் கை கால் உதறும். சின்ன வயசுல அதுக்காக அழுதிருக்கேன். உங்க கஷ்டம் எனக்கு அப்படியே தலைகீழாப் புரியுது. ஆரம்பத்துல இருந்து வரலாமா?”

இவர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டக் டக் டக். பாட்டு கிடையாது, மெட்டு கிடையாது, வெறும் கட்டைச் சத்தம். ஐந்து கோடுகளின் மேல் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள், அவற்றின் மேல் மூக்கு இடிக்கக் குனிந்துகொண்டு ஒரு மனிதர். ஒரு புள்ளியைப் பார்ப்பார், எண்ணுவார், கட்டையைத் தேடுவார், அழுத்துவார். அதற்குள் அடுத்த புள்ளி மறந்திருக்கும். லிஃப்டில் மேலும் கீழும் போனபடி முழுப் பாட்டைப் பிடித்த ஆள், ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். எழுந்து நடப்பார். காகிதத்தைக் கசக்குவார். அதையே மறுபடி விரித்துத் தடவி வைப்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் கடைக்கு ஓடிவிடுவேன், கடையில் மனம் நிலைகொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவருவேன். ஒருவருடைய இடது கால் பேண்டை வலது காலைவிட உயரமாக வெட்டி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நடுவே சில நல்ல நாட்களும் வந்தன. ஒரு மத்தியானம் மூச்சு வாங்கக் கடைக்குள் ஓடி வந்தார். என் வாயில் குண்டூசிகள்.

“முறைப்புக்குப் பேரு மைனராம்! சிரிப்பு இருக்கில்ல, அது மேஜர். நடுவுல இருக்கற ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்கினா சிரிப்பு முறைப்பாயிடுது. அதை இத்தனை வருஷமாப் பண்ணிட்டு இருந்திருக்கேன், ஏன்னே தெரியாம. வாசலுக்கும் பேரு இருக்கு, வீட்டுக்கும் பேரு இருக்கு. எல்லாத்துக்கும் ஏற்கனவே எவனோ பேரு வெச்சுட்டான்!”

குண்டூசிகளைத் துப்பிவிட்டு, “அப்ப நீங்க வெச்ச பேரு?” என்றேன்.

“என்னது?”

கருவி வைத்தும் கேட்கவில்லை. முகத்துக்கு நேராகத் திரும்பச் சொன்னேன்.

“அதுவும் இருக்கட்டும். கூப்பிட ஒரு பேரு, கொஞ்ச ஒரு பேரு” என்றார். கடையில் பேண்ட் வாங்க வந்திருந்தவர் எங்களைப் பார்த்துக் குழம்பிப்போய் நின்றார்.

ஆனால் காது காத்திருக்கவில்லை. கருவியை மாற்றினோம், பிறகு இன்னும் பெரிதாக ஒன்று. கடைசியில் கதவை அறைந்து சாத்தினால் அதிர்வு தெரியும், யாராவது முகத்தெதிரே நின்று மெதுவாகப் பேசினால் உதட்டை வைத்துப் பாதி புரியும். அவ்வளவுதான் மிஞ்சியது. ஓட்டலில் வேறு ஒருவர் வாசிக்கிறார் என்று டிரம்ஸ் தம்பி என்னிடம் மட்டும் சொன்னான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் எதை வாசித்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, “சூப்பர் அண்ணே” என்பான். கீபோர்டில் சத்தமே இருக்காது. அன்பால் சொல்கிறான் என்று தெரியும், இருந்தும் எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒரு பாட்டைக் கொடுத்தாள். இரண்டு பக்கம். “இதை நீங்க எங்கயும் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை, சார். நான் வாசிக்கமாட்டேன். வேற யாரையும் வாசிக்கச் சொல்லிக் கேக்காதீங்க” என்றாள். யார் வாசித்தாலும் இனிமேல் அவருக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். பழக்கத்தில் சொல்லிவிட்டாள் போல, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு பக்கத்தோடு அவர் மல்லுக்கு நின்றதை நான் எழுதிக் காட்ட முடியாது. குளிக்கப் போனாலும் கையில் காகிதம். சாப்பாட்டுத் தட்டின் மேல் காகிதம். கட்டையில்லாமலே காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்கிறேனே, அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. விரல்கூட ஆடாது. ஆள் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

மழை பெய்த ஒரு பிற்பகல், கடைக்கு ஆள் வராததால் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் கையிலிருந்த பேண்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, கீபோர்டு பக்கத்தில் நாற்காலி போட்டு, “உட்காரு” என்றார். சத்தத்தைத் திருகி வைத்தார். எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். போதும் என்று கையால் காட்டினேன்.

வாசித்தார். அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் முதல் தடவையாகச் சுரம் கேட்டது. மெதுவான பாட்டு. எங்கேயும் நான் கேட்டதில்லை. அழகாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் சுருக்கென்று ஏதோ தைத்தது. எனக்கு அது என்னவென்று சொல்லத் தெரியாது, பல்லில் கல் அகப்பட்ட கூச்சம் மட்டும் தெரிந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எத்தனை பாடுபட்டு வாசிக்கிறார், நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் இந்த மனிதருக்கு உண்மையைச் சொல்ல உலகத்தில் யார் இருக்கிறார்கள்? பாட்டை முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவர் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தேன்.

நின்றார். என்னைப் பார்த்தார். “இங்கயா?”

ஆமாம் என்றேன்.

கட்டையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். பிறகு கட்டையைத் தொடாமல், அந்த வரியைப் பார்த்தபடி வாயால் பாடினார். குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் கல் இல்லாமல், பாட்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. பாடிவிட்டுத் தன் விரலைப் பார்த்து, “அட மடையா!” என்று திட்டி ஒரு கட்டை தள்ளி வைத்தார். அழுத்தினார். இப்போது சரியாக இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவருடைய பழைய திருட்டுத்தனம் தெரிந்தவள் ஆயிற்றே! அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, உதடு தெரிய ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்: “இதை யாரு உங்களுக்குப் பாடிக் காட்டினது?”

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“யாரு பாடினா எனக்குக் கேக்கப் போகுது?” காகிதத்தை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். “கொஞ்ச நாளாவே இப்படித்தான். உன்கிட்ட சொன்னா பைத்தியம்னு நினைப்பியோன்னு சொல்லலை. இதைப் பார்த்தா கேக்குதுடி.”